ஒன்றுக்கு எவ்வளவு

பஞ்சில் சுற்றிய பல்செட்
பக்கத்து இருக்கையில், பெல்ட் போட்டுக்கொண்டு.
மேலே பதினான்கு, கீழே பதினான்கு.
ரிஸ்தென் வண்டியைக் கிளப்பியபோது மணி பதினொன்று,
பின்லாந்து மணி.
கல்யாணம் பன்னிரண்டுக்கு,
நார்வே மணி.
மாப்பிள்ளை யோவ்னாவுக்கு வயது எழுபத்தொன்று.
பல் இல்லாமல் சம்மதம் சொல்லமாட்டேன் என்று
தொலைபேசியில் ஈறுகளால் சொல்லியிருந்தார்,
மூன்று தரம்,
மூன்றாவது தரம்தான் அவளுக்குப் புரிந்தது.

எண்பத்து நாலு கிலோமீட்டர்.
மணிக்கு அறுபது என்றால் நிமிடத்துக்கு ஒன்று.
கணக்குகளிலேயே இளகிய மனசுள்ள கணக்கு அது,
தூரத்தைச் சொன்னால் நேரம் தானே வந்து நிற்கும்.
பன்னிரண்டு இருபத்து நாலுக்குத் தேவாலய வாசல்.
தாமதமில்லையா என்றால், இல்லை:
நடுவில் ஓர் ஆறு,
இந்தக் கரையில் பன்னிரண்டு அடித்தால்
அந்தக் கரையில் பதினொன்றுதான்.

முப்பதாவது கிலோமீட்டரில் மழை பிடித்தது,
விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகும் மழை.
சூரியன் எழாத மாதம், வெளிச்சமெல்லாம் நீலம்.
காலை லேசாக எடுத்தாள். நாற்பத்தைந்து.
இனி ஒன்றுக்கு எண்பது வினாடி.
மிச்சம் ஐம்பத்து நாலு.
எண்பதால் பெருக்கி, அறுபதால் வகுத்து,
உதட்டை மடித்துக்கொண்டாள்:
எழுபத்திரண்டு நிமிடம்.
போனால் பதினொன்று நாற்பத்திரண்டு,
அந்தக் கரை மணிக்கு.
பதினெட்டு நிமிடம் கையிருப்பு.

அந்த நாட்டில் பழைய அளவு ஒன்று உண்டு.
ஓடிக்கொண்டே மூத்திரம் போக வராது கலைமானுக்கு.
சறுக்குவண்டி இழுக்கும்போது நிறுத்திவிட வேண்டும்,
இல்லையென்றால் அடைத்துக்கொண்டு படுத்துவிடும்.
ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடைத்தூரம்
பொரோன்குசெமா.
ஏறக்குறைய ஏழரைக் கிலோமீட்டர்.
நமக்கு ஏழரை என்றால் சனி,
அவர்களுக்கு ஏழரை என்றால் ஆசுவாசம்.
உலகத்தில் எல்லா வேகத்துக்கும் கேட்கிற கேள்வி
ஒன்றுக்கு எவ்வளவு என்பது.
கலைமான் அதைத் தமிழில் புரிந்துகொண்டது.

பாலத்துக்கு ஒன்பது கிலோமீட்டர் முன்னால்
சாலை நிறைய கொம்பு.
நாற்பது உருப்படி இருக்கும், நடுவில் வெள்ளைப் பெண்மான்.
ஹாரன் அடித்தாள். காதைக்கூடத் திருப்பவில்லை.
விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாள்.
மணிக்கு எத்தனை? சுழியம்.
சுழியத்தால் வகுத்தால் என்ன வரும் என்று
பள்ளியில் கேட்டு அடி வாங்கியவர்களுக்குச் சொல்கிறேன்:
பதினொரு நிமிடம் வரும்,
கண்ணாடியைத் துடைக்கும் தடி
டக் டக் என்று போய்வரும்,
பல்செட் சிரித்துக்கொண்டே இருக்கும்.

கடைசியில் வெள்ளை மான் பின்னங்காலைத் தாழ்த்தியது.
பனிமேல் ஆவி எழுந்தது,
அவசரமே இல்லாமல்.
பிறகு ஒரு தலையசைப்பு,
மொத்தக் கூட்டமும் வலப்பக்கம் இறங்கிவிட்டது.

பாலம் கால் கிலோமீட்டர்.
ஏறும்போது கைபேசியில் பன்னிரண்டு நாற்பது,
இறங்கும்போது பதினொன்று நாற்பது.
அந்தக் கால் கிலோமீட்டரை மட்டும்
அவள் என்ன வேகத்தில் கடந்தாள் என்று
எந்த வாய்ப்பாடும் சொல்லாது.
புறப்படுவதற்கு முன்பே வந்து சேர்ந்தவளைப்
போலீஸ் பிடிக்கவும் முடியாது.

பதினொன்று ஐம்பத்து மூன்று.
வாசலில் கம்பளிச் சட்டையும் வெள்ளிப் பொத்தானுமாய்
வாயைக் கையால் மூடியபடி மாப்பிள்ளை.
மணப்பெண் எல்லே அவருடைய தொப்பியைப் பிடித்துக்கொள்ள,
மேல்வரிசை, பிறகு கீழ்வரிசை.
கடித்துப் பார்த்தார். ஒருமுறை. இன்னொருமுறை.
"இடப்பக்கம் கொஞ்சம் உயரம்" என்றார்,
முதல் முழு வாக்கியம் அதுதான்.
"அதைத் திங்கட்கிழமை பார்க்கலாம்" என்றாள் ரிஸ்தென்
ஒற்றைக்காலில் மாறி மாறி நின்றுகொண்டு.

எண்பத்து நாலை ஏழரையால் வகுத்தால்
பதினொன்றும் கொசுறும்.
பதினொரு இடத்தில் நின்றிருக்க வேண்டியவள்
ஒரு மானுக்காக மட்டும் நின்றாள்.
உள்ளே ஆர்கன் தொடங்கிவிட்டது.
வாழ்த்துச் சொல்லக் கை நீட்டிய பாதிரியாரிடம்
அவள் காதோடு கேட்டது
ஒரே கேள்விதான்.
அவர் இடப்பக்கக் கதவைக் காட்டினார்.
அங்கே போன வேகத்தை
யாரும் கணக்கிடவில்லை.