பொட்டலத்தின் பின்பக்கம்

கேணிக்கரையில், அச்சகத்தின் மாடியில்
பொட்டலங்களுக்கு வாசகம் எழுதுகிறேன்.
நல்லெண்ணெய்க்கு மூன்று தலைமுறை.
மிளகாய்த்தூளுக்கு மூன்று தலைமுறை.
போன தையில் தொடங்கிய ஊறுகாய்க்கும்
மூன்று தலைமுறை.
நான்கு என்றால் நம்பமாட்டார்கள்,
இரண்டு என்றால் விலை படியாது.

மூக்கையூரிலிருந்து சலேத்தம்மாள் வந்தார்.
கால் கிலோ நெத்திலிக் கருவாடு, ஜிப் வைத்த பை,
பின்பக்கம் வெறுமை.
நாற்பது சொல்லுக்கு இடம்.
அரைமணியில் முடித்துவிட்டேன்:
அலைகளின் தாலாட்டில், பரம்பரைக் கைப்பக்குவத்தில்.
ஓரத்தில், கம்ப்யூட்டரில் கிடைத்த ஒரு வள்ளம்.

கண்ணாடி போட்டு வாசித்தார்.
"வள்ளம் கொல்லத்துது. அணியம் பாருங்க,
எங்க வள்ளம் இப்படி மூக்கைத் தூக்காது.
பரம்பரை யாரோடது?
எங்கப்பா தபால்காரர்.
எனக்குக் கருவாடு நாலு வருஷமாத்தான் தெரியும்,
அதுல ஒரு வருஷம் தெரியாது."

பிறகு சொன்னார், கணக்கு ஒப்பிப்பதுபோல:
அடகில் பதினொரு பவுன்.
கார்த்திகை மழையில் புழுத்த முந்நூறு கிலோ,
அதைப் புதைக்க வெட்டிய குழிக்கு வேறு கூலி.
ஆடியில் கச்சான் வாரி இறைக்க
மணலோடு காய்ந்து
மணலோடு விற்றுப்போன மீன்.
பரமக்குடியிலிருந்து ஒரு டீச்சர்
பையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.
உள்ளே, காகிதத்தில் தனியாக மடித்து,
கழுவிச் சேர்த்த மணல்
ஒரு தேக்கரண்டி.
கூட ஒரு சீட்டு:
'நான் மீனுக்குத்தான் காசு கொடுத்தேன்.'

அந்தச் சீட்டு இப்போதும் கைப்பையில் இருந்தது,
மடிப்பில் கிழிந்து.
அதற்குப் பிறகுதான் இடுப்புயரத்தில்
வலைப் பரண் கட்டினாராம்.

எண்ணி எண்ணி எழுதினோம்.

முதல் வருடம் எங்கள் கருவாட்டில் மணல் இருந்தது.
பரமக்குடி டீச்சர் ஒருவர் அதைத் திருப்பி அனுப்பினார்.
இப்போது மீன் தரையைத் தொடுவதில்லை.
மணல் இருந்தால் நீங்களும் அனுப்புங்கள்.
தபால் செலவு எங்களுடையது.

இருபத்துமூன்று சொல்தான் வந்தது.
போதும் என்றார்.
மெய்ப்புப் பார்த்த அச்சகக்காரர்
"கடையை மூடப்போறாங்களா?" என்று கேட்டார்.

மூடவில்லை. மதுரைக்குப் போயிற்று.
சென்னையில் யாரோ பின்பக்கத்தைப் படமெடுத்து
ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள்.
டீச்சர் மாதம் இரண்டு பை வாங்குகிறார்,
இன்னமும் அலசிப் பார்த்துவிட்டுத்தான் சமைக்கிறாராம்.
சலேத்தம்மாளுக்கு அதில் ஒரு பெருமை.

ஒரு நாள் நல்லெண்ணெய் முதலாளி
மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.
"தம்பி, நமக்கும் ஒரு தோல்வி எழுதுங்க."
எதில் தோற்றீர்கள் என்றேன்.
"அதெல்லாம் ஒண்ணுமில்ல.
நீங்களே பார்த்து, மனசைத் தொடுற மாதிரி
ஒரு நஷ்டம் போடுங்க."
போட்டேன்.
ஒரு புயல். செக்கு மாடு ஒன்று செத்தது.
அவர் ஆலையில் மோட்டார்தான்.
பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.

மே மாதம். தடைக்காலம்.
விசைப்படகுகள் கரையில் பெயிண்ட் வாடையோடு நின்றன.
சலேத்தம்மாள் போனில்:
"நெத்திலி இங்க இல்ல.
கொல்லத்துலேர்ந்து ஐஸ்ல வருது,
நம்ம பரண்ல காயுது. அதையும் போடணும்."

நாலாயிரம் பை அடித்துக் கிடக்கிறதே,
யாருக்கும்மா தெரியப்போகிறது?

கொஞ்ச நேரம் போனில் காற்று மட்டும் கேட்டது.

"ஸ்டிக்கர் அடிங்க, நான் ஒட்டிக்கிறேன்.
அன்னைக்கு ஒரு வள்ளம் காட்டினீங்களே,
மூக்கைத் தூக்கிக்கிட்டு.
அதைத் தேடி எடுங்க.
இப்ப அது சரியா இருக்கும்."