முறைத் தண்ணீர்

பள்ளியிலிருந்து வந்த தாளில்
டிசம்பர் இருபது, இரவு பத்து முதல் இரண்டு வரை
என்ற கட்டத்துக்குள் என் பெயர்:
சமேஜிமா, இரண்டாம் வகுப்பு இபுகியின் அப்பா.

குழந்தைகள் தங்கள் பங்கை
முந்தைய வாரமே முடித்துவிட்டார்கள்.
முப்பத்தொரு பேர், தோளோடு தோள் உரச,
திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து
பூட்ஸ் கால்களால் பனியை மிதித்தார்கள்.
யாரோ தாளம் சொல்ல, யாரோ தப்பவிட,
குரிபயாஷி டீச்சரின் தொப்பி விழுந்தது.
அதையும் சேர்த்து மிதித்தார்கள்.

இனி அப்பாக்களும் அம்மாக்களும்
இரவிரவாகத் தண்ணீர் விட வேண்டும்.
விதைக்காத வயலுக்குப் பாய்ச்சல்.
விடிந்தால் கண்ணாடி விளையும்.

நான் ககோஷிமாக்காரன்.
வானத்திலிருந்து விழுவதென்றால் எங்களுக்கு
எரிமலைச் சாம்பல்.
குடை பிடித்து நடப்போம், கூட்டி மஞ்சள் பையில் கட்டுவோம்,
நகராட்சி வண்டி வந்து எடுத்துப்போகும்.
தொகாச்சிக்கு வந்து பதினான்கு மாதம்,
பால் லாரி ஓட்டுகிறேன்.
தண்ணீர் உறையும் என்று தெரியும்.
உறைய வைக்க ஆள் நிற்க வேண்டும் என்று
தெரியாது.

மைனஸ் பதினெட்டு.
தொண்ணூறு மாடுகளைக் கறந்துவிட்டு வந்த ஒபாதா
குழாயை என் கையில் கொடுத்தார்.
"தாள் கனம், அவ்வளவுதான்.
நின்ற இடத்தில் நிற்காதே.
அவசரப்பட்டால் உள்ளே காற்று தங்கும்,
பிள்ளையின் கால் போய்விடும்."

வீசினேன். நடந்தேன். வீசினேன்.
மீசையில் மூச்சு உறைந்து குத்தியது.
கையுறைக்குள் என் விரல்கள்
வேறு யாருடையவோ போலிருந்தன.

பன்னிரண்டு மணி வாக்கில்
ஊஞ்சல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஒரு நரி.
திடலின் குறுக்கே பாதி தூரம் வந்து
உட்கார்ந்தது,
வகுப்புக்குத் தாமதமாக வந்த பையனைப் போல.
நான் அதைப் பார்த்தேன். அது குழாயைப் பார்த்தது.
எவ்வளவு நேரமென்று கேட்காதீர்கள்.

அது போன பிறகு குனிந்தால்
என் காலடியில் தலையணை அளவுக்கு ஒரு மேடு.
ஒபாதா மண்வெட்டியால் இரண்டு போடு போட்டார்.
ணங்கென்றது.
"விடு," என்றார்,
"பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்."

பார்த்துக்கொண்டார்கள்.
ஜனவரியில் பள்ளி திறந்த முதல் நாளே
மூன்று பேர் அங்கே விழுந்தார்கள்,
நான்காவது ஆள் தலைமையாசிரியர்.
மதியத்துக்குள் பெயரும் வைத்தாயிற்று:
சமேஜிமா மலை.
இபுகி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
நான்காம் வகுப்புத் தைகா அதன் மேலேறித்
தாவலாம் என்று கண்டுபிடித்தான்.
வரிசை நின்றது. செவிலியர் அறையில்
பிளாஸ்திரி தீர்ந்தது.
வகுப்பறை ஹீட்டரின் மேல் காய்ந்த கையுறைகள்
நனைந்த நாய் மாதிரி நாறினவாம்,
கொழுக்கட்டை சூப்பின் வாசனையையே மறைத்தனவாம்.
நான்காம் நாள் இரவு
இதையெல்லாம் சொன்னது இபுகிதான்,
முதுகைத் திருப்பிக்கொண்டு.
அப்போதுதான் நரியைப் பற்றிச் சொன்னேன்.
திரும்பினாள்.

பிப்ரவரியில் பந்தயம்.
அத்தை மகளின் பழைய ஸ்கேட், இரண்டு அளவு பெரியது,
முனையில் செய்தித்தாள் திணித்தது.
மற்றவர்கள் மலைக்கு முன்னால் வேகம் குறைத்தார்கள்.
இவள் குறைக்கவில்லை; இடது தோளைத் தாழ்த்தி
அதை உரசிக்கொண்டு போனாள்,
வீட்டுத் தூணைக் கடப்பதுபோல.
ஆறு பேரில் ஐந்தாவதாக வந்தாள்.
விழாமல் வந்தாள்.
ஒபாதா கத்திய கத்தலில்
அவர் மாடுகள் பால் சுரப்பை நிறுத்தியிருக்கும்.

மார்ச்சில் திடல் சேறானது.
மேடு கடைசிவரை இருந்தது என்று எழுத ஆசைதான்.
இல்லை. ஒரு புதன்கிழமை மழையில் போய்விட்டது,
யாரும் கவனிக்கவில்லை.

இந்த நவம்பரில் மறுபடியும் தாள் வந்தது.
டிசம்பர் பதினெட்டு, இரவு பத்து முதல் இரண்டு.
என் பெயருக்கு நேராக
வால் மட்டும் மிகப் பெரிதாக,
பென்சிலில்,
யாரோ ஒரு நரி வரைந்திருக்கிறார்கள்.