இரண்டாவது கியர்

கட்டபெட்டு ஏற்றத்தில், மூன்றாவது வளைவில்,
டக்கென்று கழன்றுகொள்கிறது இரண்டாவது.
அப்புறம் எஞ்சின் மட்டும் தனியாக அலறும்,
பல்சக்கரத்துக்கும் தனக்கும் பேச்சுவார்த்தை இல்லாததுபோல.
பின்சீட்டில் ஐஸ் பெட்டி,
பெட்டியில் பதினோரு பேரின் ரத்தம்.
பத்தரைக்குள் கோத்தகிரி லேபில் இருக்கவேண்டும்.

எண்பத்து நாலாம் வருட புல்லட்.
முதலில் ஆயிலைச் சந்தேகித்தேன், மாற்றினேன்.
கிளட்ச் கேபிளைச் சந்தேகித்து
ஒரு நாணயம் நுழையும் அளவு தளர்வு வைத்தேன்.
பிறகு குளிரை.
பிறகு, சொல்ல வெட்கம்தான்,
போன வாரம் பின்னால் ஏறிய என் மச்சானின் எடையை.

பெள்ளியின் பட்டறை கறிக்கடைக்குக் கீழே.
அன்று திங்கட்கிழமை,
அவர் ஊரில் மண்ணைக் கொத்தாத நாள்.
'கியர்பாக்ஸ் மண்ணில்லையே' என்று ஸ்பேனரை எடுத்தார்.

வடித்த ஆயிலை டீ கிளாஸில் பிடித்து
வெயிலில் காட்டப் போனார்.
மேகம் வாசல்வரை வந்து நின்றிருந்தது.
டார்ச் அடித்தார்.
உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை அடியில் வைத்ததும்
கிளாஸுக்குள் மயிர்க்கூச்செறிந்தது இரும்பு.
'துண்டு இல்ல, பொடி.
எதுவும் உடையல. தேயுது.'

வெளி மூடி. கிக்கர் ஸ்பிரிங். உள் மூடி.
கழற்றிய வரிசையிலேயே நாளிதழில் பரப்பினார்,
யாரோ ஒருவரின் கண்ணீர் அஞ்சலி மேல் ஒரு வாஷர்.
செலக்டர் ஃபோர்க்கைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.
ஒரு பக்கம் நகம்போல் மெலிந்து
சூட்டில் நீலம் பூத்திருந்தது.
மறுபக்கம் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே.

அதற்குப் பிறகு அவர் வண்டியைப் பார்க்கவில்லை.
'வலது ஷூவக் கழட்டு.'
திருப்பிப் பார்த்தால் பெருவிரலுக்குக் கீழே ஒரு பள்ளம்,
லீவரின் ரப்பர் அச்சாக உட்காரும் அளவுக்கு.
'கியர் போட்ட பின்னாலயும் காலை எடுக்கறதில்ல நீ.
எப்பத்துல இருந்து?'

எனக்குத் தெரியும்.
குஞ்சப்பனை இறக்கத்தில்,
ஈரத்தில், கால் தேடிய நேரத்தில்
லீவர் கிடைக்காமல் போன அன்றிலிருந்து.
தோலுரிந்த முழங்கை பத்து நாளில் ஆறிவிட்டது.
உடைந்தவை பதின்மூன்று குழாய்கள்.
பன்னிரண்டு பேர் மறுபடி வந்து கை நீட்டினார்கள்.
பெயர் எழுதிய சீட்டு பதின்மூன்றும் என்னிடம் இருந்தது.

'ஞாபகமில்ல' என்றேன்.
காந்தத்தைத் துடைத்துக்கொண்டே
'ம்' என்றார்.

உக்கடத்திலிருந்து பஸ்ஸில் வந்தது ஃபோர்க்,
கண்டக்டருக்கு இருபது ரூபாய்.
மூலை மழுங்கிய பல்சக்கரத்தையும் மாற்றி,
கையால் சுழற்றி, காது வைத்துக் கேட்டு,
மூடிகளை மூடினார்.
கடைசியில் லீவரின் ரப்பரை உருவித்
தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
'ஒரு மாசம். வலது காலுக்குச் செருப்பும் வேணாம்.'

இடது காலில் ஷூ, வலது கால் வெறுங்கால்.
தேயிலை மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள்.
மூன்றாவது வளைவு. இரண்டாவதுக்கு மாற்றினேன்.
கால் தானாகவே லீவர் மேல் போய் உட்கார்ந்தது.
ஊசிக்கு முன் நர்ஸ் தடவும் பஞ்சுபோல
சுரீரென்றது இரும்பு.
எடுத்துவிட்டேன்.

கியர் பிடித்தது.
கால்தான், ஃபுட்ரெஸ்டில்,
தெரியாத வீட்டுக்கு வந்ததுபோல்
நுனியில் உட்கார்ந்திருந்தது.
பெட்டியில் இன்று ஒன்பது.