அச்சாரம்

பூதத்தைக் கொன்றது போன சனிக்கிழமை.
அது காத்துக் கிடந்த புதையலை
எண்பது கழுதைகளில் ஏற்றி
நெடுங்கழிக்குள் ஓட்டி வந்தார்கள் என் ஆட்டக்காரர்கள்.
நெடுங்கழியில் மொத்தம் நாற்பது வீடு, ஒரு சந்தை.
அது இருப்பது என் கோடு போட்ட நோட்டில்.
நாங்கள் இருப்பது கடலூர் முதுநகரில்,
பெயின்ட் கடை மாடியில்,
டர்பன்டைன் வாடைக்கு நடுவே.

இந்த வாரம் ஆட்டம் தொடங்கியதும்
நிலோஃபர் ஒரு கோழிமுட்டை கேட்டாள்.
நூறு பொற்காசு என்றேன்.

'புத்தகத்தில் ஒரு செப்புக்காசு.
பக்கம் நூற்று நாற்பத்து மூன்று.'
மருந்துக்கடையில் நிற்பவள்.
அட்டையில் அச்சடித்த விலைக்கு மேல்
ஐந்து பைசா வாங்கியதில்லை.

'அந்தப் பக்கத்தை எழுதியவர்
எண்பது கழுதைகளைப் பார்த்ததில்லை.'

எனக்குத் துணை வந்தவன் குணவர்மன்,
துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவன்.
'போன போட்டெல்லாம் ஒரே விடியல்ல
கவலை மீனோட கரைக்கு வந்தா
கூடை என்ன விலைக்குப் போகும்?
கவலை ஜாஸ்தி வந்தா கவலைதான்.
கோழித் தீவனக்காரன்கிட்ட கெஞ்சணும்.
தங்கமும் அப்படித்தான்.
நாறாது, அவ்வளவுதான் வித்தியாசம்.'

சிரித்தோம். லூர்துநாதன் சிரிக்கவில்லை.
பாண்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவன்,
லாட்ஜில் ராத்திரி டியூட்டிக்கு
ஒன்பதேகால் வண்டியைப் பிடித்தாக வேண்டும்.
அவன் ஆடுவது ஒரு திருடனை. பெயர் கீரி.
தூங்குகிற பூதத்தைக் கொன்ற பாவத்தில்
பங்கு வேண்டாமென்று
புதையலிலும் பங்கு வாங்காத கீரி.
பதினோரு வாரமாக, ஒருவரையும் குத்தாமல்,
முந்நூறு காசு சேர்த்திருந்தது
ஒரு தோணி வாங்க.
திருடனுக்குத் தோணி எதற்கு என்று
நாங்கள் கேட்டதில்லை.

'இப்ப தோணி என்ன விலை?'

ஒன்பதாயிரம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

வாரத்தில் ஆறு நாள்
கூட்டுறவு வங்கியில் நகை உரைத்துப் பார்க்கிறேன்.
அன்றைய விலை பலகையில் இருக்கும்.
கழற்றித் தருகிறவர்கள் அதைப் படிப்பதில்லை,
என் முகத்தைப் படிப்பார்கள்.
அங்கே ஒரு மில்லிகிராம்கூட நான் வளைந்ததில்லை.
இங்கே, இந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால்,
பலகை நான், உரைகல் நான்,
வேண்டுமென்றால் மழையும் நான்.

'அச்சாரம் கொடுத்தியா?' என்றேன்.

மூவரும் நிமிர்ந்தார்கள்.
முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தில்
அச்சாரம் பற்றி ஒரு வரி கிடையாது.
ஆனால் பந்தலுக்கு, லாரிக்கு, மண்டபத்துக்கு
முன்பணம் கொடுத்த யாருக்கும் தெரியும்:
காசு கை மாறினால் விலை நின்றுவிடும்.

லூர்து நோட்டைப் புரட்டினான்.
நான்காம் வாரம், பென்சிலில்:
'தோணி செய்யும் வள்ளாத்தாளுக்கு
ஒரு செப்புக்காசு, பதநீர் குடிக்க.'

'அது பதநீர்க் காசு' என்றாள் நிலோஃபர்.
'அவ குடிச்சாளா?' என்றான் குணா.

எனக்குத் தெரியவில்லை.
அன்று வள்ளாத்தாள் என் வாயில் பிறந்து
இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

'உருட்டு' என்றேன்.
'பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால்
அவள் குடிக்கவில்லை,
முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள்.'

இருபது முகப் பகடை
மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் குதித்து
ப்ரைமர் டப்பாக்களின் பலகைக்கு அடியில் போனது.

மணி ஒன்பது.
மறுபடி போடு என்று ஒருவரும் சொல்லவில்லை.
முட்டை விலையை மாற்றியாயிற்று.
இல்லாத அச்சாரத்தைச் சட்டமாக்கியாயிற்று.
இதில் மட்டும் கை வைக்க மனசில்லை.
நால்வரும் குப்புறப் படுத்து
செல்போன் வெளிச்சத்தைச் சாய்க்கிறோம்.
'தொடாதே' என்கிறாள் நிலோஃபர்,
அந்தக் காசைப் பதநீர் என்றவள்தான்,
'தொட்டா செல்லாது. தலைய நகத்து.
ஏழு தெரியுது.
அதுக்கு முன்னால இருக்கறது
ஒண்ணா, கீறலா?'