பின்பலகைச் சங்கிலி

செவ்வாய்க்கிழமை குடிக்கு,
வியாழக்கிழமை கனவுக்கு.
ரெண்டு கொப்பி எனக்கு,
ஒண்டு நீல மட்டை, மற்றது றோஸ்.
திருக்கோவில் சந்தியில அதே பஸ்,
அக்கரைப்பற்றில அதே வாங்கு,
கதவு மட்டும் வேற.

செவ்வாய்க்கிழமைக் கதவு கேட்டது:
நாளைக்கு எத்தனை கால்போத்தல்?
விடியவுமா? கை நடுங்குதா?
கனவைச் சொல்ல வாயெடுத்தன்.
அது வியாழக்கிழமை, அங்க சொல்லுங்க.

வியாழக்கிழமைக் கதவு
என்ர வாயை மணந்தது,
பேனையை மூடினது.
முதல்ல குடியை விட்டுட்டு வாங்க நேசதுரை,
மறுகா கனவைப் பாப்பம்.

மறுகா.
வீடு தாறதும் மறுகா,
விசாரிக்கிறதும் மறுகா.
அந்தச் சொல்லைக் கேட்டே நரைச்ச ஊர் எங்கட ஊர்.

குடிக்காத ராவில கனவு வரும்.
கனவு கண்ட விடியலில கசிப்பு வேணும்.
தயாபரி சட்டியை விட்டெறிஞ்சு கேட்டாள்:
உனக்கு ஒரு வருத்தமா, ரெண்டு வருத்தமா?
எனக்கெண்டால் தெரியா.

பஜீலா மிஸ் புதுசா வந்தவ.
எத்தனை போத்தல் எண்டு கேக்கல்ல.
முதல் மிடறு ஆர் தந்த? எண்டு கேட்டா.

பொலிஸ்காரர் ஒராள், மிஸ்.
கடல் வந்துபோன மூண்டாம் நாள்.
எனக்குப் பத்தொன்பது. மாமாட உழவு மெசின்.
கரையில ஏத்துறது,
மணல் பிட்டிக்குப் பின்னால இறக்குறது.
மணம் தாங்காமச் சத்தியெடுத்தன்.
தண்ணிப் போத்தலுக்குள்ள சாராயம் வச்சிருந்தார்.
பொன்ன மல்லி, பொன்ன எண்டார்.
நல்ல மனுசன். அவரும் அழுதார்.

மூக்கு மரத்துப் போச்சு.
காது மரக்கல்ல.
இறக்கேக்க பின்பலகைச் சங்கிலி
கலகலவெண்டு விழும் பாருங்க,
அந்தச் சத்தம்.
இப்பவும் அதே தொழில்தான்,
செங்கல், மண், நெல்மூட்டை.
கண்ணை மூடிக்கொண்டுதான் பலகை திறக்கிறது.

மிஸ் எழுதாமக் கனநேரம் இருந்தா.
நான் மாளிகைக்காடு, எண்டா.
வேற ஒண்டும் சொல்லல்ல.
ரெண்டு கொப்பியையும் சேக்க
ஸ்ரேப்ளரை அமத்திப் பாத்தா, இறங்கல்ல.
காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்ரரைக் கிழிச்சு
முதுகோட முதுகு வச்சு ஒட்டினா.
இனிச் செவ்வாய் மட்டும் வாங்க.

குளிசையும் தந்தா, வேலையும் தந்தா.
பழைய ரியூப்பைக் கிழிச்சு
சங்கிலியில கண்ணி கண்ணியாச் சுத்தினன்.
பதினாலு கண்ணி.
சத்தம் செத்துது.
பிறகு கிழமைக்கு ஒண்டாக் கழட்டச் சொன்னா,
வெறுவயித்தோட இல்ல, தனியவும் இல்ல,
தயாபரி பக்கத்தில நிக்க.

மார்கழி இருபத்தாறு குடிச்சன்.
ஒளிக்கல்ல. மணத்தோடயே செவ்வாய் போனன்.
பேனையை மூடப்போறா எண்டு பாத்தன்.
மூடல்ல.
எந்த நேரம்? ஆரோட?
அதுக்கு முதல் என்ன சத்தம் கேட்ட?
வீட்ட வந்து
கழட்டினதில நாலைத் திரும்பச் சுத்தினன்.

இப்ப மாசி. வேளாண்மை வெட்டு.
நேத்து மில்லடியில மூட்டை இறக்கினன்.
ஒம்பது கண்ணி வெறும் இரும்பு,
அஞ்சு ரியூப்போட.
விழுந்துது சங்கிலி, அரைச் சத்தம்.
கண் திறந்துதான் நிண்டன்.
நெல்லு.
நெல்லுத்தான்.

மில்காரன் தந்த பிளேன்ரீ
பாதி சாறனில ஊத்துண்டுது,
மீதியைக் குடிச்சன்.
ராவைக்குக் கனவு வந்தது.
தயாபரி லைற்றைப் போட்டாள்.

அடுத்த திகதி கொப்பியில கிடக்கு.
எட்டரை பஸ்.