செங் குலத்தார்

"பசியாறியாச்சா?" என்று கேட்டாள் கனகேஸ்வரி.
காலை ஏழரை மணி.
அந்த ஊரில் இட்லிக்கு அப்படியொரு வினைச்சொல்.
ஆறவில்லை என்று சொல்வதற்குள்
கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டாள்.

ஆங்கில எழுத்தில் என் பெயர்
இரண்டாய் உடைந்திருந்தது.
செங் ஒரு பக்கம், கமலம் ஒரு பக்கம்,
நடுவே ஒரு விரல் இடைவெளி.
திருத்த நேரமில்லை.
பதினோரு பேர், ஐந்து இடங்கள், ஒரே பகல்.

முதலில் நகராண்மைக் கழகம்.
வரவேற்புரை, நன்றியுரை,
நன்றியுரைக்கு நன்றியுரை.
தட்டில் சங்குப்பூச் சாறு ஊறிய
நீலச் சோற்றுக் கட்டிகள்.
யாரும் தொடவில்லை.
தவில் பொன்னம்பலம் ஒன்றை எடுத்து
விஷம் பரிசோதிக்கிறவர் மாதிரி மென்றார்.
பிறகு நான்கு தின்றார்.

அடுத்தது குல மண்டபம்.
கூரை முகட்டில்
எங்கள் யாளிக்கு ஒன்றுவிட்ட தம்பிகள்.
உள்ளே பலகை பலகையாய்
பொன்னெழுத்தில் இறந்தவர்கள்.
பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த பெண்
என் அட்டையைப் பார்த்தாள்,
முகத்தைப் பார்த்தாள்,
மறுபடி அட்டையை.
"செங்?"
அவளும் செங். செங் ஸ்யூ லின்.
உள்ளே இருக்கிற அத்தனை பேரும் செங்.

கனகேஸ்வரி மலாயில் விளக்கினாள்:
இவர்கள் பெயருக்கு முன்னால் குலம் நிற்பதில்லை,
அப்பா நிற்பார்,
அவரும் ஓரெழுத்தாகத்தான்.
எழுதிக் காட்டச் சொன்னாள் ஸ்யூ லின்.
ப என்று எழுதினேன்.
"கூரை இல்லாத வீடு" என்றாள்.
பக்கிரிசாமி கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.
நாங்கள் குடியிருந்த வீடுகளில் பாதி
அப்படித்தான்.

என் செங் சிவப்பு என்றேன்.
அவளுடைய செங்குக்குப்
போகவேண்டிய தூரம் என்று பொருளாம்.
இருந்தாலும் பதிவேட்டில்
விருந்தினர் பக்கத்தில் எழுதாமல்
முதல் பக்கங்களுக்குப் புரட்டினாள்.

மதியம் கடல்மேல் கால் ஊன்றிய வீடுகள்.
பலகை இடுக்கில் என் சீப்பு விழுந்தது.
கீழே சேறு, ஒரு நண்டு,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு.

மூன்று மணிக்குத் தமிழ்ப்பள்ளி.
"நீங்க நடிக்கிறவங்களா?"
இல்லை, முகம் எழுதுகிறவள்.
"எழுத்துப்பிழை வந்தா?"
அழிப்பேன்.
"எதை வச்சு?"
தேங்காயெண்ணெய்.
கடைசி பெஞ்சுக்காரன்
நோட்டில் குறித்துக்கொண்டான்.
அவன் கணக்கு நோட்டுக்கு இனி என்ன கதியோ.

சாயங்காலம் அரங்கின் பின்னறை.
இரு நாட்டுக்கும் ஒரே கண்ணாடி.
பெட்டியைத் திறந்தால்
பகல் முழுக்கப் பேருந்தின் வயிற்றில் வெந்து
சிவப்பு டப்பா கசிந்து
எல்லாத் துணிக்கும் பொட்டு வைத்திருந்தது.
பச்சை இருக்கிறது, வெள்ளை இருக்கிறது,
இரணியனுக்கு நிறமில்லை.
எதிரே சீன நாடகத்து ஒப்பனைக்காரர்
தூரிகையை வாயில் கவ்வியபடி
தன் சிவப்பைத் தள்ளினார்,
தலை நிமிராமலே.

பிறகுதான் சொன்னார்கள்.
அவர்கள் மேடையில் சிவப்பு முகம்
சொன்ன சொல் மாறாதவனுக்காம்,
உயிர் போனாலும் விசுவாசம் விடாதவனுக்காம்.
அதற்குள் எங்கள் இரணியன் மேடையேறி
அந்த முகத்தோடே தூணை அறைந்துவிட்டான்.
எதிர்வரிசைக் கிழவர்கள்
யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல்
நரசிங்கத்தை முறைத்தார்கள்.

மூன்றாம் வரிசையில் ஸ்யூ லின்.
கூடவே இன்னும் ஐந்து பேர்.
அனுமதிச் சீட்டு ஒன்றுகூட இல்லை.
வாசலில் தடுத்தவரிடம்
உள்ளே சொந்தக்காரி இருக்கிறாள் என்றார்களாம்.
கனகேஸ்வரி பட்டியலைப் பார்த்துவிட்டு
ஆமாம் என்றாளாம்.

பேருந்தில் எண்ணிக்கை எடுத்தார்கள்.
பதினொன்று.
பொன்னம்பலம் தூங்கிப்போனார்,
உதட்டோரம் இன்னும் நீலம்.
அட்டைகளைத் திருப்பிக் கேட்டார்கள்.
என்னுடையது தொலைந்துவிட்டது என்றேன்.