பூண்

மாதிரிக் கம்புகள் நான்கை எடுத்துச் சாய்த்தேன்.
டுலூத்தில் பிப்ரவரி; கடைசல் எந்திரம்கூடச்
சற்று முனகிவிட்டுத்தான் சுற்றுகிறது.

தந்தப் பூண் வேண்டாம்,
உறைந்த வண்டியிலிருந்து சூடான அறைக்குள் வந்தால்
கீறல் விடும்.
பித்தளை முன்கனம், வெள்ளைப் பந்தை விலகவைக்கும்.
மெலமைன் உறுதி.
இது, துணியைப் பிசினில் ஊறவைத்து அழுத்தியது,
நாளானால் பழுப்பேறும்.

ஹக்கினன் காது கொடுக்கவில்லை.
இல்லை, காது மட்டும்தான் கொடுத்தார்:
ஒவ்வொன்றாலும் ஒரு பந்தை இடிக்கச் சொல்லிக்
கண்ணை மூடிக்கொண்டார்.
"எது குறைவாகப் பேசும்?"

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணியாம்.
பகலெல்லாம் மேலே உறக்கம்.
மேசை இருப்பது நிலவறையில்.

துணிப்பூணைத் தொட்டார்.
முளையில் பசை தடவிப் பொருத்தினேன்.
காயும்வரை சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன்:
பூண் வாயை மூடும், சரி,
பந்தும் பந்தும் முட்டிக்கொள்ளுமே?

"ஒரே பந்துதான்" என்றார்.
"அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வரும்."

கடைந்தபோது
பூணில் நூலோட்டம் தெரிந்தது.

பதினெட்டு டாலர் சொல்லியிருந்தேன்.
இருபதை நீட்டினார்.
சில்லறை இல்லையென்று
ஐந்தைத் திருப்பிக் கொடுத்தேன்.